சுவரில் கிறுக்க வருமா? மியூசிக் பேண்டுக்கு லோகோ போடுகிறவர்களுக்கு

பங்க், மெட்டல், ஸ்கா என்று ஏதோ ஓர் இசை வகையின் ரசிகர் கூட்டத்துக்குள்ளேயே வளர்ந்த பேண்டுக்கு லோகோ போடுவதென்றால், கணினியைக் கடைசியாகத் திறங்கள். முதலில் அவர்கள் பாட்டைக் கேளுங்கள். அவர்கள் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்று விசாரித்து அதையும் கேளுங்கள். வெளியாள் போட்ட வேஷத்தை அந்த ரசிகர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிளாக் ஃபிளாக் ('கறுப்புக் கொடி') என்ற பங்க் குழுவுக்கு ஓவியர் ரேமண்ட் பெட்டிபான் வரைந்தது வெறும் நாலு கறுப்புப் பட்டைகள். ஏற்ற இறக்கமாக நிற்பதால் கொடி அசைகிற மாதிரி இருக்கும். ஸ்ப்ரே டப்பா வைத்திருக்கும் யாரும் சுவரில் அடித்துவிடலாம். என் பரீட்சையும் இதுதான்: வரையவே தெரியாத ஒருவரிடம் லோகோவைக் கொஞ்ச நேரம் காட்டி, மறைத்துவிட்டு, மார்க்கரில் போடச் சொல்லுவேன். அடையாளம் தெரிந்தால் சரி.

மெட்டலில் ஒரு வகையான பிளாக் மெட்டலுக்கு இது செல்லாது. அங்கே முள்ளும் வேருமாகப் பின்னி, படிக்க முடியாமல் இருப்பதுதான் அழகு. அதற்கு வெளிவடிவத்தை மட்டும் பாருங்கள். இடமும் வலமும் சமமாக இருந்தால் தூரத்திலிருந்தே பிடிபடும்.

கடன் வாங்கலாம், ஆனால் இன்னொரு பேண்டிடமிருந்து வேண்டாம். ரமோன்ஸ் என்ற பங்க் குழுவுக்கு வடிவமைப்பாளர் ஆர்ட்டுரோ வேகா அமெரிக்க அதிபரின் முத்திரையையே எடுத்தார். கழுகின் காலில் அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டை. அந்தக் குறும்புதான் ஆளைக் காட்டுகிறது. 1979-இல் தொடங்கிய 2 டோன் என்ற ஸ்கா இசைத்தட்டு நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குப் பின்னால், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசித்த கதை இருக்கிறது. அது இல்லாமல் கட்டத்தை மட்டும் எடுத்தால் மேஜை விரிப்புதான்.

அப்புறம் அச்சு. ஒரே நிறத்தில் நிற்காத லோகோவை நான் ஏற்பதில்லை. திரை வழியே மையை அழுத்தி அச்சிடும் ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன். செலவும் கூடும், நிறங்கள் விலகவும் செய்யும். கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை மை கொஞ்சம் பரவும், எழுத்துகளுக்கு நடுவே விட்ட மெல்லிய இடைவெளிகள் அடைபட்டுப்போகும். தமிழில் பெயர் எழுதினால் 'ண', 'ஞ' சுழிகள்தான் முதலில் அடையும். அவற்றைத் தேவைக்கு மேலேயே அகலமாகத் திறந்து வையுங்கள். பிறகு ஸ்டிக்கர் அளவில் ஒன்று, நெஞ்சளவில் ஒன்று அச்செடுத்து, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். காணாமல் போகிற கோடுகள் தேவையில்லாதவை.

ஒப்படைக்கும்போது எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் கோப்பு, கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று போதும். லோகோவை எப்படிப் பயன்படுத்துவது என்று 40 பக்கக் கையேடெல்லாம் வேண்டாம். டிரம்மர் அதைத் திறக்கப் போவதில்லை.