இளவயதில் தொடை இடுக்கு வலி: இடுப்பு மூட்டு உரசலை அறிவது எப்படி?

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் பஸ்ஸில் உட்கார்ந்தே இறங்கி, எழும்போது தொடை இடுக்கில் சுருக்கென்கிறதா? சேலம் கொலுசுப் பட்டறைகளில் நாள் முழுக்கச் சம்மணம் போடுபவர்களும் இதைச் சொல்வதுண்டு. தொடை எலும்புக் கழுத்தில் புடைப்போ, அதன் தலை பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணத்தில் விளிம்பு மிகுதியோ இருந்து, மடக்கும்போது இரண்டும் மோதுவதுதான் இடுப்பு மூட்டு உரசல். வலிக்கும் இடத்தைக் கேட்டால், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டுவார்கள்.

மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பை 90 டிகிரி மடக்கி, முழங்காலை உள்பக்கம் தள்ளி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். அதே பழைய வலி வந்தால் சந்தேகப்படலாம். அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

முதலில் எக்ஸ்ரே. இடுப்பு முழுவதையும் நேராக, கால்களை 15 டிகிரி உள்பக்கம் திருப்பி எடுக்கவும். வால் எலும்பின் நுனி, முன்பக்க இடுப்பெலும்பு இணைப்புக்கு நேர் மேலே 1 முதல் 3 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். இடுப்பு சாய்ந்துவிட்டால் கிண்ணத்தின் முன், பின் விளிம்புகள் பொய்யாக ஒன்றையொன்று குறுக்கிட்டுத் தெரியும். பல படங்கள் கெடுவது இங்கேதான். அடுத்து டன் கோணம் என்ற எக்ஸ்ரே: இடுப்பை 45 டிகிரி மடக்கி, 20 டிகிரி விரித்து எடுப்பது. தொடை எலும்புக் கழுத்துப் புடைப்பு இதில்தான் நன்றாகத் தெரியும். தலையும் கழுத்தும் சேரும் இடம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்று அளக்கும் ஆல்ஃபா கோணம் 60 டிகிரியைத் தாண்டினால் புடைப்பு. தலையைக் கிண்ணம் எவ்வளவு மூடுகிறது என்று காட்டும் மூடுகோணம் 40 டிகிரியைத் தாண்டினால் விளிம்பு மிகுதி. 20-க்குக் கீழே என்றால் கிண்ணமே ஆழமற்றது, சிகிச்சை வேறு.

விளிம்புக் குருத்தெலும்புக் கிழிசலுக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். ஸ்டீராய்டு எடுத்தவர்கள், மது அருந்துபவர்களுக்கு எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள்: தொடை எலும்புத் தலை ரத்த ஓட்டமின்றிச் சிதைவதும் இப்படித்தான் தொடங்கும்.

வலியே இல்லாத பலருக்கும் புடைப்பு உண்டு. அறிகுறி, பரிசோதனை, படம் மூன்றும் ஒத்துப்போனால்தான் அது நோய்.