பலகையை இழுங்கள், கட்டையை அல்ல: இயக்க உராய்வுக் குணகம் காணும் முறை

இயக்க உராய்வுக் குணகம் என்பது, வழுக்கும்போது உள்ள உராய்வு விசையை, பரப்பு பொருளைச் செங்குத்தாகத் தாங்கும் விசையால் வகுத்தால் வரும் எண். அதைக் காண ஆய்வுகூடமே தேவையில்லை. மரக்காலையில் கழித்துப் போட்ட முதிரை அல்லது பாலைப் பலகை ஒரு மீற்றர் அளவில் ஒன்று, கையடக்கமான கட்டை ஒன்று, 10 நியூட்டன் விற்றராசு, ஒரு கிலோ சீனிப் பைகள் இரண்டு. இவ்வளவுதான். பலகையையும் கட்டையையும் நன்றாகச் சீவுங்கள். புழுதியைத் துடைத்துவிடுங்கள். நம்மூர்ச் செம்மண் இடையில் கிடந்தால் நீங்கள் அளப்பது மரத்துக்கும் மரத்துக்குமான உராய்வாக இருக்காது.

முதலில் கட்டையைத் தராசில் தொங்கவிட்டு நிறையைக் குறியுங்கள். 4 நியூட்டன் என்று வைப்போம். பலகை கிடையாக இருந்தால் செவ்வன் மறுதாக்கமும், அதாவது பலகை கட்டையைச் செங்குத்தாகத் தாங்கும் விசையும், அதே 4 நியூட்டன்தான்.

அடுத்தது இழுப்பது. கட்டையைத் தராசால் இழுக்கும்போது முள் முதலில் எகிறும், கட்டை நகர்ந்ததும் சற்று இறங்கும். எகிறியது எல்லை உராய்வு, அதாவது நகரத் தொடங்குமுன் வரும் ஆகக்கூடிய உராய்வு. நமக்கு வேண்டியது இறங்கிய அளவு. ஆனால் கை ஒரே வேகத்தில் போகாது, முள் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் மாற்றிச் செய்யுங்கள். தராசை யன்னல் கம்பியில் கட்டி, கொளுவியைக் கட்டையில் மாட்டி, அடியிலுள்ள பலகையை இழுங்கள். கட்டை நின்ற இடத்திலேயே நிற்பதால் அதன்மீது விளையுள் (மொத்த) விசை பூச்சியம். பலகை எந்த வேகத்தில் போனாலும் தராசு காட்டுவது உராய்வையே. தராசு பலகைக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். தராசைக் கிடையாக வைத்தபின் பூச்சியம் சரியா என்றும் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள்.

வாசிப்பு 1.2 நியூட்டன் என்றால் 1.2 ÷ 4 = 0.30. அலகு கிடையாது. சரி, ஒரு சீனிப் பையை மேலே வையுங்கள். மறுதாக்கம் ஏறத்தாழ 13.8, வாசிப்பு 4.1க்குக் கிட்ட வரவேண்டும். இரண்டு பை வைத்தால் 23.6க்கு 7.1. மறுதாக்கத்தைக் கிடை அச்சிலும் உராய்வை நிலைக்குத்து அச்சிலும் வைத்து வரைபு கீறினால் கோட்டின் சரிவான படித்திறன்தான் குணகம்.

தராசு கிடைக்காவிட்டால் பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் கட்டை சீரான வேகத்தில் இறங்கும் சாய்வில் நிறுத்தி, உயரத்தை அடித்தூரத்தால் வகுங்கள். 30 ÷ 95 என்றால் 0.32. பாகைமானி வேண்டாம். தட்டாமல் விட்டால் கிடைப்பது எல்லை உராய்வின் குணகம், கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். கட்டையை ஒடுங்கிய பக்கத்தில் நிறுத்தி மறுபடி இழுங்கள். வாசிப்பு அநேகமாக மாறாது. தொடும் பரப்பு மாறினாலும் உராய்வு மாறாது என்று பிரான்சில் அமொந்தன் என்ற அறிவியலாளர் 1699 இல் சொன்னது இதைத்தான். பெரிதாக மாறினால் அந்தப் பக்கம் சரியாகச் சீவப்படவில்லை.