ஆண்டெனா ஊரில், நீங்கள் நகரத்தில்: ஹாம் நிலையத்தை இணையம் வழியே இயக்குவது எப்படி?

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில், 7 மெகாஹெர்ட்ஸில் பேச ஓர் அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் இணையும் கம்பி ஆண்டெனா) கட்டுவதற்கு ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி வேண்டும். நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சலில் தொலைதூர நிலையங்களின் மெல்லிய குரல் அமுங்கிப் போகும். ஊரில் வீடும் ஆண்டெனா கட்ட இரண்டு தென்னை மரங்களும் உள்ளவர்கள், ரிக்கை (அனுப்பவும் பெறவும் செய்யும் வானொலிக் கருவியை) அங்கேயே வைத்துவிட்டு, நகரத்திலிருந்து இணையம் வழியாக அதை இயக்கலாம்.

இதைச் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒலியை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் முதலில் இறங்குகிறார்கள். நான் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன். ஆளில்லாத வீட்டில் இருக்கும் 100 வாட் டிரான்ஸ்மிட்டரை, இணைப்பு அறுந்த நிலையிலும் நிறுத்த முடியும் என்பது உறுதியான பிறகே அதை இயக்கும் வழியை அமைக்க வேண்டும். இந்த விளக்கம் அந்த வரிசையிலேயே செல்கிறது.

தொடங்கும் முன்: உரிமம்

ஆண்டெனா எந்த நாட்டில் நிற்கிறதோ அந்த நாட்டின் விதிகளே நிலையத்துக்குப் பொருந்தும். இந்தியாவில் அமெச்சூர் உரிமத்தை வழங்குவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவு. நீங்கள் ஓரிடத்திலும் நிலையம் வேறிடத்திலும் இருக்கப்போவதால், நிலையத்தின் முகவரியையும் தொலைவிலிருந்து இயக்கும் எண்ணத்தையும் தெரிவித்து, எழுத்து மூலம் விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் விதித் தொகுப்பு (பகுதி 97) இதைத் தெளிவாகவே சொல்கிறது: கட்டுப்பாட்டு இணைப்பு பழுதானால் டிரான்ஸ்மிட்டர் 3 நிமிடத்துக்கு மேல் ஒலிபரப்பாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும், அனுமதியில்லாதவர்கள் அதை இயக்க முடியாதபடி பாதுகாப்பும் வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் இந்த இரண்டையும் அளவுகோலாகக் கொள்வது நல்லது.

படி 1: ஊரில் என்னென்ன வேண்டும்

எடுத்துக்காட்டாக ஐகாம் ஐசி-7300 ரிக்கை எடுத்துக்கொள்கிறேன். ஒரே யூஎஸ்பி கேபிளில் கட்டுப்பாடும் ஒலியும் செல்வதால் தொடக்கநிலையாளருக்கு இது வசதியானது. அதனுடன் 13.8 வோல்ட்டில் 21 ஆம்பியருக்குக் குறையாமல் தரும் பவர் சப்ளை, ஒரு ராஸ்பெர்ரி பை கணினி, பைக்கென்று தனி அடாப்டர், ரவுட்டர், சிறிய யுபிஎஸ் ஆகியவை தேவை. பையையும் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் இணையுங்கள். மின்சாரம் போய் வந்தால் பை தானாகவே எழுந்துவிடும் என்பது அதன் பெரிய நன்மை. ரவுட்டரிலிருந்து பைக்கு வைஃபை வேண்டாம், கேபிளே போடுங்கள்.

ஆண்டெனாவைப் பொறுத்தவரை, டியூனர் (ஆண்டெனாவை ரிக்குக்குப் பொருத்தும் கருவி) இல்லாமலே நல்ல எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு) தரும்படி வெட்டிச் சரிசெய்த ஒற்றை பேண்ட் டைபோலுடன் தொடங்குங்கள். மெகாஹெர்ட்ஸில் அலைவெண்ணை எடுத்து 143-ஐ அதனால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும்.

படி 2: நிறுத்தும் வழி

இதற்கு மூன்று அடுக்குகள் தேவை.

முதல் அடுக்கு ரிக்கிலேயே உள்ளது. உங்கள் ரிக்கின் மெனுவில் டைம்-அவுட் டைமர் (குறித்த நேரத்தில் ஒலிபரப்பைத் தானே நிறுத்தும் வசதி) இருந்தால் அதை மிகக் குறைந்த அளவில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது அடுக்கு ராஸ்பெர்ரி பையின் பொறுப்பு. பவர் சப்ளைக்குச் செல்லும் 230 வோல்ட் லைனை ஒரு ரிலே வழியாகக் கொடுத்து, அந்த ரிலேயைப் பையின் ஜிபிஐஓ பின் (நிரலால் இயக்கக்கூடிய இணைப்பு முனை) மூலம் இயக்குங்கள். நகரத்தில் உள்ள உங்கள் கணினியைப் பை சில விநாடிக்கு ஒருமுறை பிங் செய்து (பதில் வருகிறதா என்று கேட்டு) பார்க்க வேண்டும். தொடர்ந்து 30 விநாடி பதில் வராவிட்டால் ரிலேயை விடுவித்துவிட வேண்டும். சில வரிகளில் எழுதக்கூடிய நிரல்தான் இது. பையே உறைந்துபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். பையின் சிப்பில் உள்ள வாட்ச்டாக் டைமரைச் செயல்படுத்தி வைத்தால், கணினி உறைந்த 15 விநாடிக்குள் அது ரீபூட் ஆகும். அப்போது ஜிபிஐஓ பின் தொடக்க நிலைக்குத் திரும்பி ரிலேயும் விடுபடும். ஆனால் சந்தையில் கிடைக்கும் ரிலே போர்டுகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிக்னல் வயரைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். ‘டக்’ என்ற சத்தத்துடன் ரிலே விடுபட்டு, பவர் சப்ளை அணைந்தால் மட்டுமே அந்தப் போர்டு இந்த வேலைக்கு ஏற்றது. 230 வோல்ட் வேலை பழகாதவர்கள் இந்த இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே முறை.

மூன்றாவது அடுக்கு, வீட்டு இணையத்தைச் சாராத தனி வழி. கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்து நிறுத்த விவசாயிகள் பயன்படுத்துவது போன்ற, சிம் கார்டில் இயங்கும் சிங்கிள் பேஸ் சுவிட்ச் ஒன்றை அதே லைனில் தொடராக இணைத்தால் போதும்.

படி 3: பாதுகாப்பான பாதை

ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து ரிக்கை நேரடியாக இணையத்தில் வைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் உங்கள் அழைப்புக்குறியில் யார் வேண்டுமானாலும் ஒலிபரப்பக்கூடிய நிலை உண்டாகும். ஊரையும் நகரத்தையும் ஒரு விபிஎன் (இணையத்துக்குள் மறையாக்கப்பட்ட தனிப் பாதை) மூலம் இணையுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் இதற்கு மிகவும் ஏற்றது; 2020 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே அது இடம்பெற்றுள்ளது.

பலர் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஊரில் 4ஜி அல்லது சிறிய ஃபைபர் நிறுவனத்தின் இணைப்பு இருந்தால், உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி இல்லாமல், பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவான ஒரே முகவரி தரப்பட்டிருக்கக்கூடும். ரவுட்டரின் வான் (WAN, அதாவது இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் நிலை அதுதான். அப்போது வெளியிலிருந்து வயர்கார்டை நேரடியாக எட்ட முடியாது. வயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவையைப் பையிலும் உங்கள் கணினியிலும் நிறுவினால் இந்தத் தடை நீங்கும்.

படி 4: ரிக்கும் மென்பொருளும்

ஐசி-7300-இன் ‘செட்’ மெனுவில் ‘கனெக்டர்ஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள். சிஐ-வி (கணினியிலிருந்து ஐகாம் ரிக்கைக் கட்டுப்படுத்தும் முறை) யூஎஸ்பி போர்ட்டை ரிமோட் ஜாக்கிலிருந்து பிரித்து, வேகத்தை 115200 என வையுங்கள். அலைக்கற்றைக் காட்சி உங்கள் திரைக்கு வர இவ்விரண்டும் கட்டாயம். ‘டேட்டா ஆஃப் மாட்’ என்பதை யூஎஸ்பி என மாற்றினால்தான் இணையம் வழியே வரும் உங்கள் குரல் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) என்ற குரல் முறையில் ஒலிபரப்பாகும். அதன்பின் ரிக்கில் செருகிய மைக் வேலை செய்யாது என்பதால், ஊருக்குச் சென்று நேரில் பேசும்போது அந்த அமைப்பைத் திரும்ப மாற்ற வேண்டியிருக்கும்.

மென்பொருளுக்கு டபிள்யூஎஃப்-வியூவைப் பரிந்துரைக்கிறேன். இது இலவசமான திறமூல மென்பொருள்; யூஎஸ்பியில் இணைந்த ரிக்கைப் பிணையத்தில் பகிரும் சர்வர் வடிவமும் இதற்கு உண்டு. சர்வரைப் பையிலும், சாதாரண வடிவத்தை உங்கள் கணினியிலும் நிறுவுங்கள். விபிஎன் இருந்தாலும் சர்வரில் பயனர் பெயருக்கு வலுவான கடவுச்சொல் வையுங்கள். நகரத்துக் கணினியில் ஊரின் விபிஎன் முகவரியைக் கொடுத்து இணைந்ததும் ரிக்கின் வாட்டர்ஃபால் (சிக்னல்கள் அருவிபோல் ஓடும் காட்சி) திரையில் ஓடத் தொடங்கும். சுருக்காத 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ ஒலிக்கு விநாடிக்கு 768 கிலோபிட் தேவைப்படும். எஸ்எஸ்பி குரலில் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பயனுள்ளது எதுவும் இல்லாததால், ஓபஸ் சுருக்க முறையைத் தேர்ந்தெடுத்தாலே தெளிவாகக் கேட்கும், மெதுவான இணைப்பும் தாங்கும்.

படி 5: பேசும் முன் சோதனை

இதை ஊரில், ரிக்கின் அருகில் இருந்தபடி செய்ய வேண்டும். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடை (சக்தியை வானில் விடாமல் வெப்பமாக்கும் போலிச் சுமையை) மாட்டுங்கள். லேப்டாப்பை வீட்டு ரவுட்டரில் இணைக்காமல், கைபேசி ஹாட்ஸ்பாட் மூலம் விபிஎன்னுக்குள் நுழைந்து, 10 வாட்டில் பிடிடியை (ஒலிபரப்பைத் தொடங்கும் பொத்தானை) அழுத்துங்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ரவுட்டரின் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, விளக்கு அணைய எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். அடுத்து பையின் நிரலை நிறுத்திவிட்டு, சிம் சுவிட்ச் தனியாக ரிக்கை அணைக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் ஆண்டெனாவை மீண்டும் மாட்ட வேண்டாம்.

ஆண்டெனாவை மாட்டிய பிறகு சக்தியைப் படிப்படியாக உயர்த்துங்கள். 20 வாட்டில் ஒழுங்காக இருந்த யூஎஸ்பி இணைப்பு 100 வாட்டில் திடீரென்று அறுந்தால், கோஆக்ஸின் (ஆண்டெனா கேபிளின்) வெளிப்புறம் வழியாக ஆர்எஃப் (ரேடியோ அலை மின்னோட்டம்) உள்ளே வருகிறது என்று பொருள். யூஎஸ்பி கேபிளை மிக்ஸ் 31 வகை ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுகள் சுற்றுங்கள். டைபோலின் ஊட்டுமுனையிலும் (கேபிள் சேரும் இடத்திலும்) அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு சோக் பாலன் போடுங்கள்.

அன்றாட இயக்கம்

தாமதம் 200 மில்லிவிநாடி அளவில் இருந்தால் குரல் உரையாடலுக்கு இடையூறு இல்லை. மோர்ஸ் அப்படியல்ல, சாவியின் தட்டல்களை இணையம் வழியே அனுப்பினால் புள்ளியும் கோடும் சிதையும். ஐசி-7300, சிஐ-வி கட்டளையில் ஒருமுறைக்கு 30 எழுத்துகள் வரை பெற்றுக்கொண்டு தானே மோர்ஸாக அனுப்பும் என்பதால், தட்டச்சு செய்து அனுப்புவதே சரியான வழி.

கடைசியாக இடி, மின்னல். கோடை மழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள். எனவே கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஓர் ஆண்டெனா ரிலே வைத்து, அதற்கு மின்சாரம் இல்லாத நிலையில் ஆண்டெனா ரிக்கிலிருந்து பிரிந்து எர்த்துடன் சேரும்படி இணையுங்கள். அந்த ரிலேக்கான மின்சாரத்தை ரிக்கின் பவர் சப்ளையிலிருந்தே எடுத்தால், பேசி முடித்து நீங்கள் சப்ளையை அணைக்கும் ஒவ்வொரு முறையும் ஆண்டெனா தானாகவே எர்த்துக்குப் போய்விடும். நேரடி இடிக்கு இது காப்பாகாது; வெகுநாள் ஊருக்குப் போக முடியாத மழைக்காலத்தில், பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, கோஆக்ஸைக் கழற்றி வெளியே போட்டுவிடச் சொல்லுங்கள்.