விசுவாசத்தில் இன்னொருவரை நடத்துவது எப்படி

சபையில் கொஞ்ச வருஷம் ஒழுங்காக வந்துபோய், வாலிபர் கூட்டத்தில் இரண்டு முறை செய்தியும் கொடுத்துவிட்டால் போதும், யாராவது ஒரு தம்பியைக் கூட்டிவந்து "இவனைக் கொஞ்சம் பாத்துக்கோங்க அண்ணா" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், தப்பாகத்தான் ஆரம்பித்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மனதைப் பாருங்கள். அந்தத் தம்பி நாளைக்கு வேறொரு அண்ணனிடம் போய் ஆலோசனை கேட்டான் என்று தெரிந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சுருக்கென்று குத்தினால், அவன் வளர வேண்டும் என்கிற ஆசையைவிட அவனுக்கு நீங்கள் தேவைப்பட வேண்டும் என்கிற ஆசை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். அதற்காக விலகிவிட வேண்டாம், ஆனால் அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள், கூடவே உங்களைத் தட்டிக் கேட்கிற ஒரு பெரியவரை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டில் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது வரை தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் முதலில் அவரைத் தேடுங்கள், தம்பி காத்திருக்கலாம்.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். ஒரே நேரத்தில் ஒருவர் அல்லது இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். ஆண்களை ஆண்களும் பெண்களை பெண்களும் நடத்துவது நல்லது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும், நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில்தான் உட்கார வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது.

சந்திக்கிறபோது வேதாகமத்தைத் திறக்க அவசரப்படாதீர்கள். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது, கடைசியில் தேவனே அவர்களைக் கடிந்துகொண்டார். தம்பி பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், அவன் சொல்ல வந்த விஷயம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். கேட்டதற்குப் பதில் தெரியவில்லையா, "தெரியலப்பா, படிச்சுப் பார்ப்போம்" என்று சொல்லிவிடுங்கள்.

நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, நாலு பேப்பர் அரியர் இருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை, ஜெபிக்கவே பிடிக்கவில்லை என்று சர்ச் காம்பவுண்டு சுவரோரம் நின்று என்னிடம் அழுதான். அந்த வாரமே ஜெபக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டபோது, பேர் சொல்லாமல்தான், "படிப்பில் போராடுகிற ஒரு தம்பிக்காக" என்று நான் சொன்னேன். எங்கள் சபையில் கல்லூரி படிக்கிற பையன்களே ஐந்து பேர்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் என்னைத் திட்டவில்லை, சண்டை போடவில்லை, என்னிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். போய் மன்னிப்புக் கேட்டேன், "பரவாயில்லண்ணா" என்றான், ஆனால் திரும்ப ஒருநாளும் மனம் திறக்கவில்லை. இன்று யோசித்தால், அன்று அதைச் சொன்னதில் அவன்மேல் இருந்த அக்கறை பாதிதான், என்னிடம் பிள்ளைகள் வந்து மனம் திறக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்பதும் இருந்தது. ஆகவே உங்களிடம் சொன்னது உங்களோடு இருக்கட்டும், ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே போகக் கூடாது. அவன் உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்லியே ஆக வேண்டும், அந்த விதிவிலக்கை அவனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, அவனுடைய வேலை, கல்யாணம், மேற்படிப்பு விஷயத்தில் "கர்த்தர் எனக்கு உணர்த்தினார், நீ இதைச் செய்" என்று சொல்லாதீர்கள். உங்கள் கருத்தை உங்கள் கருத்தாகவே சொல்லுங்கள். கர்த்தர் பேரைச் சொல்லிவிட்டால் இருபது வயதுப் பையன் எப்படி மறுத்துப் பேசுவான்?

தவறு செய்தால் கண்டிக்க வேண்டாமா என்றால், வேண்டும். கலாத்தியர் 6:1 அப்படிப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்கிறது. அங்கே கிரேக்கத்தில் இருக்கிற வினைச்சொல்தான், மீனவர்களான யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்த இடத்திலும் வருகிறது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வலையை மடிமேல் விரித்து, கிழிந்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, நைந்த நூலை மட்டும் அறுத்தெடுத்து, நல்ல கண்ணிகளோடு சேர்த்து ஒவ்வொரு முடிச்சாகப் போடுவார்கள், ஒரு கிழிசலுக்காக யாரும் வலையைத் தூக்கி எறிவதில்லை. அதே போல தனியாகக் கூப்பிட்டு, நடந்த அந்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள், பழைய கணக்கை எடுக்காதீர்கள். அந்த வசனமே "உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்றுதான் முடிகிறது, ஆகவே பேசப் போவதற்கு முன் அதே பாவம் உங்களிடம் எந்த உருவத்தில் இருக்கிறது என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசியுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

உங்களால் முடியாத விஷயங்களும் வரும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று ஒருவன் சொன்னால் "விசுவாசம் குறைவு" என்று சொல்லிவிடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ எந்த நேரமும் எடுப்பார்கள். ஜெபியுங்கள், மாத்திரை சாப்பிட்டானா என்றும் கேளுங்கள்.

கடைசியாக, விட்டுக்கொடுப்பது. எனக்கு இதில் ஆதி சபையில் இருந்த பர்னபாதான் மாதிரி. முன்பு சபையைத் துன்பப்படுத்திய சவுலை, அதாவது பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்டவரை, கண்டு எல்லோரும் பயந்தபோது அப்போஸ்தலரிடம் கூட்டிப்போனது அவர், பிறகு தர்சு வரைக்கும் தேடிப் போய் அந்தியோகியாவுக்கு அழைத்துவந்ததும் அவர்தான், அங்கே ஒரு வருஷம் முழுவதும் இருவரும் சேர்ந்து போதித்தார்கள். அப்போஸ்தலர் 13-ம் அதிகாரம் தொடங்கும்போது "பர்னபாவையும் சவுலையும்" என்று இருக்கிறது, அதே அதிகாரம் முடிவதற்குள் பவுல் பேர் முன்னால் வந்துவிடுகிறது. பர்னபா அதற்காக முகம் சுளித்ததாக ஒரு வரியும் இல்லை, பயணத்தில் கூடவே நடக்கிறார்.

உங்கள் தம்பிக்கும் ஒருநாள் பெங்களூரிலோ துபாயிலோ வேலை கிடைக்கும். அங்கே ஒரு சபையில் சேரச் சொல்லுங்கள், அங்கிருக்கிற போதகரிடமும் மூத்தவர்களிடமும் பேசச் சொல்லுங்கள், எடுத்ததற்கெல்லாம் உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மாதம் ஒரு போன் போதும். எடுத்தவுடன் "சர்ச்சுக்குப் போனியா" என்று கேட்காமல், சாப்பாடு எப்படிக் கிடைக்கிறது, ரூமில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆரம்பியுங்கள்.