ஸ்கேலைப் பூட்டிவைத்துவிட்டுக் கிறுக்குவது எப்படி?

சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. வேலையில் இருந்தவரை புலப்படத்தில் அடுத்தவர் வரப்பைத்தான் வரைந்தேன். 1:1000 அளவில் 1 மில்லிமீட்டர் பிசகினால் நிலத்தில் ஒரு மீட்டர். அண்ணனும் தம்பியும் கோர்ட்டில் நிற்பார்கள். அப்படிப் பழகிய கைக்கு, லீவுக்கு வந்த பேத்தி ஒரு துண்டுத் தாளை நீட்டி "சும்மா ஏதாவது வரையுங்க தாத்தா" என்றதும் ஓடவில்லை.

"மக்களே, ரப்பர் எங்க?"

"இதுக்கு ரப்பரே கிடையாது தாத்தா."

அவள் காட்டியது ஜென்டாங்கிள். அமெரிக்காவில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் என்ற இருவர் வகுத்த முறை. மூன்றரை அங்குலச் சதுரத் தாளில் கறுப்புப் பேனாவால் சிறு சிறு கோடுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு நிரப்புவது. சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை, பார்த்த மாத்திரத்தில் வந்துவிடும். கோலப்பொடியைத் தொட்டே பார்க்காத என்னைப் போன்ற ஆண்களுக்குத்தான் எழுதுகிறேன்.

சாமான். 200 ஜிஎஸ்எம் கார்ட்ரிஜ் தாள், அதாவது தடித்த ஓவியத் தாள். ஏ4 தாள் ஒன்றில் 9 செ.மீ. சதுரம் ஆறு கிடைக்கும். மைக்ரான் 01 பேனா, அதாவது 0.25 மி.மீ. கோடு. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், உள்ளங்கை பட்டாலே இழுவும். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. அந்த மாதங்களில் தாள் ஈரத்தை இழுத்து மை பரவும். வெட்டிய தாள்களை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

ஆரம்பம். நான்கு மூலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி. அவற்றை லேசாக இணைத்தால் சட்டம். கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

நூல். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். சட்டத்துக்குள் பென்சிலால் ஒரு வளைந்த கோட்டை ஓடவிட வேண்டும். நூலைக் கீழே போட்டால் எப்படி விழுமோ அப்படி. அது தாளைச் சில அறைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு வடிவம். நான் ஸ்கேல் வைத்து நான்கு சம பாகமாகப் பிரித்தேன். முடித்துப் பார்த்தால் அசல் புலப்படம்! சர்வே எண் எழுதாததுதான் பாக்கி. பத்துப் பதினைந்து தாள் அப்படியே வீணாயிற்று. அறைகள் பெரிதும் சிறிதுமாக இருந்தால்தான் கண்ணுக்கு வேலை இருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. கடைசியில் பிடிபட்ட வழி இது: கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் நூலைப் போடுங்கள். ஸ்கேலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது.

முதல் வடிவம். கிரசன்ட் மூன். அறையின் ஓரத்தை ஒட்டி இடைவெளி விட்டு அரைவட்டங்கள் போட்டுக் கறுப்பாக நிரப்புங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளைவு, அதைச் சுற்றி இன்னொன்று, இடம் தீரும்வரை. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

இரண்டாவது வடிவம். ஹாலிபா. குச்சிகளை அள்ளி வீசியதுபோல இருக்கும். அறைக்குக் குறுக்கே இரண்டு இணைகோடு போட்டால் ஒரு குச்சி. அடுத்த குச்சி முதல் குச்சிக்கு அடியில் போக வேண்டும். முதல் குச்சியின் ஓரம் வந்ததும் பேனாவை எடுத்துவிட்டு, மறுபக்கத்தில் கோட்டைத் தொடர வேண்டும். எனக்கு மறுபக்கம் எப்போதும் விலகியே விழுந்தது. பேனாவை நிறுத்தாமல், தாளுக்குச் சற்று மேலே காற்றில் அதே வேகத்தில் கொண்டுபோய் இறக்கினால் நேராக வருகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொடரும் வரப்பை நினைத்துக்கொண்டேன். குச்சிகளுக்கு நடுவே மிஞ்சும் இடத்தைக் கறுப்பாக்கியதும் குச்சிகள் மேலே எழும்பி நிற்கும்.

கை நடுங்குகிறவர்கள் மணிக்கட்டை மேசையில் ஊன்றி, கையைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள்.

நிழல். ஒரு குச்சி அடுத்ததற்கு அடியில் நுழையும் இடத்தில் 2பி பென்சிலால் தடவி, சுருட்டிய காகித நுனியால் தேய்க்க வேண்டும். விரலால் தேய்க்காதீர்கள், வியர்வை பட்டுத் திட்டாகும்.

வடிவத்துக்கு இணையத்தைத் தேடவேண்டியதில்லை. பத்மநாபபுரம் கொட்டாரத்தில் (அரண்மனையில்) பூமுகத்து, அதாவது முகப்பு மண்டபத்து, மரக்கூரையை அண்ணாந்து பாருங்கள், 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். நான் இதுவரை பதினொன்றைத் தாளில் இறக்கியிருக்கிறேன். கழுத்து வலிக்கும். திங்கட்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.

பிற்சேர்க்கை: நிழல் தேய்க்கும்போது கறுப்புக் கோடும் சேர்ந்து கலைகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரும் ஜெல் பேனா! கண்புரை ஆபரேஷன் முடிந்த ஒருவர், 9 செ.மீ. சதுரம் சிறிதாக இருக்கிறது என்கிறார். 15 செ.மீ. ஆக வெட்டி, இன்னும் தடித்த 08 பேனாவால் வரையுங்கள். சதுர அளவு சட்டமல்ல.

இன்னொருவர் பேனா ஒரே மாதத்தில் நின்றுவிட்டதாம். அழுத்தி எழுதினால் முனை உள்ளே போய்விடும், மூடி போடாவிட்டால் காய்ந்துவிடும். எனக்கும் இரண்டு போயிற்று. இரண்டாவதைத் திறந்துபோட்டது பேத்தி, கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.