சத்தம் செயின்ரிங்கில், கோளாறு வேறிடத்தில்

பெங்களூரின் துரஹள்ளிக் காட்டு மேட்டில் பெடலை அழுத்தி ஏறும்போதெல்லாம் ‘டக், டக்’. என் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் (முன்னும் பின்னும் அதிர்ச்சி தாங்கும் ஷாக் உண்டு) இந்தச் சத்தம் கிளம்பியதும் முதலில் செயின்ரிங்கை, அதாவது பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தை மாற்றினேன். அப்புறம் பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டை. பர்ஸ் இளைத்தது, சத்தம் போகவில்லை. கடைசியில் அல்சூரில் ஒரு தமிழ் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கையால் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினார். “தம்பி, விரலை இங்க வெச்சுப் பாருங்க.” பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம், ஃபிரேமோடு சேரும் மூட்டுதான் மெயின் பிவட். அதன் இடுக்கில் மயிரிழை அளவு அசைவு விரல்நுனியில் தட்டியது.

சத்தம் கேட்கும் இடத்தை நம்பிப் பொருள் வாங்கியதுதான் என் முதல் தவறு. பல ஃபிரேம்களில் மெயின் பிவட் செயின்ரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குழாய் வழியாகச் சத்தம் எங்கும் ஓடும். சக்கரம் ஆடினால் அதன் நடுவிலுள்ள ஹப் லூஸாகவும் இருக்கலாம், அதனால்தான் மூட்டில் விரல் வைப்பது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? பின் ஷாக்கின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு ஸ்விங் ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கரகரத்தாலோ இடையில் தட்டுப்பட்டாலோ பேரிங் போய்விட்டது.

பிவட் பேரிங் ஒருநாளும் முழுச்சுற்றுச் சுற்றுவதில்லை, சில டிகிரிதான் முன்னும் பின்னும் அசையும். குண்டுகள் ஒரே இடத்தை இடித்து இடித்துப் பள்ளம் போடுகின்றன. பெங்களூரின் செம்மண் தூசியும் மழைக்காலச் சேறும் அதைத் துரிதப்படுத்தும். இதற்கு மேல், ஸ்கூட்டர் கழுவும் வாட்டர் சர்வீஸில் சைக்கிளை விடுகிறவர்களும் உண்டு. அந்த வேகத்தில் தண்ணீர் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும், கிரீஸ் கெடும். டபிள்யூ.டி. 40 அடிப்பதும் மருந்தல்ல. அது இருக்கிற கிரீஸையும் கரைக்கும்.

ஆட்டம் தெரிந்ததும் போல்ட்டை இறுக்குவது நம் ஊர் வைத்தியம். ஃபிரேம் கம்பெனி சொன்ன டார்க் (இறுக்கும் விசை) அளவுக்குச் சரிபாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். தேய்ந்த பேரிங் இறுக்கினால் நேராகாது.

புதிய பேரிங் வாங்கும்போது எண் மட்டும் போதாது. 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. பேரிங் கடைகளில் கிடைக்கும். ஆனால் பல பிவட்களில் இருப்பது கேஜ் (குண்டுகளை இடைவெளிவிட்டுப் பிடிக்கும் வளையம்) இல்லாமல் குண்டுகளை நெருக்கி நிரப்பிய வகை. சாதாரணப் பேரிங் அந்தப் பாரத்தை அவ்வளவு நாள் தாங்காது. பொருத்தும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்துங்கள். உள்வளையத்தில் சுத்தியல் அடி விழுந்தால் புதுப் பேரிங்குக்கு அன்றே ஆயுள் முடிந்தது. கையாலேயே உள்ளே நழுவிப் போனால், தேய்ந்திருப்பது ஃபிரேமில் பேரிங் உட்காரும் குழி.

சரி, செயின்ரிங். 32 பல் என்று மட்டும் பார்த்து வாங்கினேன். ஸ்ராம் கம்பெனியின் மூன்று போல்ட் டைரக்ட் மவுண்ட் (பெடல் கையில் நேரடியாக மாட்டும்) ரிங்கில் ஆஃப்செட் என்று ஒன்று உண்டு, ரிங் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு: பழைய 142 மி.மீ. பின்ஹப்புக்கு 6 மி.மீ., பூஸ்ட் எனப்படும் அகலமான 148 மி.மீ. ஹப்புக்கு 3 மி.மீ. என் பூஸ்ட் ஃபிரேமில் 6 மாட்டியதால் ரிங் 3 மி.மீ. உள்ளே தள்ளி உட்கார்ந்தது. ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தபோது செயின்ஸ்டேயில் (செயினை ஒட்டிப் பின்சக்கரம் வரை போகும் குழாய்) இடிக்கவில்லை. மேட்டில், தேய்ந்த பிவட்டால் ஸ்விங் ஆர்ம் பக்கவாட்டில் ஆட, பற்கள் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டன. ஷாக்கைக் கழற்றி ஸ்விங் ஆர்மை அது போகும் முழுத் தூரமும் அசைத்துப் பார்த்திருந்தால் இடைவெளி எவ்வளவு குறைவு என்று அன்றே தெரிந்திருக்கும்.

நான்கு போல்ட் ரிங் வாங்குவோர் 104 மி.மீ. பி.சி.டி.யையும் (போல்ட் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம்) ஷிமானோ கம்பெனியின் 96ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஒன்றுக்கொன்று சேராது. நீண்டுபோன பழைய செயினைப் புது ரிங்கில் ஓட்டவும் வேண்டாம்.

பேரிங்கும் 3 ஆஃப்செட் ரிங்கும் மாற்றியபின் சத்தம் நின்றது. செயின்ஸ்டே கீறலின் மேல் டேப் ஒட்டியிருக்கிறேன்.