கொழுந்துக் கணக்கு ஜேசனில் இருந்தால்: அடுக்குக்கு ஒரு லூப்

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக் கணக்கை ஜேசனில் (JSON, தரவைச் சேமிக்கும் உரை வடிவம்) வைத்தால் மூன்று அடுக்கு வரும். வெளியே மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று ஒரு டிக்ஷனரி, அதற்குள் ஆட்களின் லிஸ்ட், ஒவ்வொரு ஆளுக்கும் காலை, பகல், அந்தி நிறுவைகளின் லிஸ்ட். பைதானில் அடுக்குக்கு ஒரு ஃபோர் லூப் போதும்.

கோப்பைத் திறக்கும்போதே என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். விண்டோஸில் இதை விட்டால் தமிழ்ப் பெயர்கள் சிதையலாம், அல்லது எரர் வரலாம்.

டிக்ஷனரியில் நேராக லூப் ஓட்டினால் டிவிஷனின் பெயர் மட்டுமே கிடைக்கும். அந்தப் பெயருக்குள் ஆட்களைத் தேடினால் டைப்எரர்தான். ஐட்டம்ஸ் (items) போடுங்கள், பெயரும் உள்ளடக்கமும் ஜோடியாக வரும்.

சிக்கல் அதிகம் மூன்றாம் அடுக்கில். அன்று வேலைக்கு வராதவருக்கு ‘நிறுவை’ என்ற கீயே (key, மதிப்பைத் தேடும் பெயர்) இருக்காது. சதுர அடைப்புக்குறியில் கேட்டால் கீஎரர். கெட் (get) போட்டு, இல்லாவிட்டால் வெற்று லிஸ்ட் என்று சொன்னாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. கீ இருந்து மதிப்பு நல் (null, வெறுமை) என்றால் பைதானின் நன் (None) திரும்பி வரும், லூப் அங்கேயே முறியும். ஆகவே கெட்டுக்குப் பின்னால் ‘ஓர்’ (or) கீவேர்டும் வெற்று லிஸ்ட்டும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு நிலைமையும் அடங்கும்.

நிறை "12.5" என்று மேற்கோளுக்குள் இருந்தால் அது ஸ்ட்ரிங். ஃப்ளோட்டாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள்.

மொத்தத்தை 0 ஆக்கும் வரி, ஆள் லூப்புக்குள்ளே, நிறுவை லூப்புக்கு முன்னால் வரவேண்டும். வெளியே வைத்தால் ஒருவர் பறித்த கிலோ அடுத்தவர் பெயரில் ஏறும், எரரும் காட்டாது. மேலதிகக் கிலோவுக்குக் காசு கொடுக்கும் கணக்கில் இந்த ஒரு வரியை இருமுறை பாருங்கள்.